சுழல் துப்பாக்கி: உருளையின் பழுதும் வரலாறும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றிலிருந்து உங்களோடு பேசுகிறோம். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கி ஒன்றை எங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். எட்டுக் கேப்புகளை வட்டமாகக் கோத்த வளையம் ஒன்றை அதன் உருளையில் மாட்டி விசையை இழுத்தால், அவை ஒவ்வொன்றாக வெடிக்க வேண்டும். அதுவோ முதல் கேப்பை வெடித்துவிட்டு நின்றுவிட்டது. "ஐயா, உருளை கெட்டுப்போச்சு" என்றான். திருகாணியைக் கழற்றிப் பார்த்தோம். உருளைக்கு ஒன்றுமில்லை. அதைத் தள்ளிவிட வேண்டிய சின்னஞ்சிறு கொக்கியின் நுனி தேய்ந்து, பல்லைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

இன்றைய உரையில் நாம் சொல்ல விரும்புவதை அந்தப் பொம்மையே சொல்லிவிட்டது எனலாம். சுழல் துப்பாக்கி, அதாவது ரிவால்வர் என்ற கருவியின் வரலாறு முழுவதும், உருளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லையே என்ற ஒரே குறையைத் தீர்க்க மனிதர்கள் பட்ட பாட்டின் வரலாறு. பழி உருளைமேல் விழும்; பழுது பெரும்பாலும் அதன் அருகில் உள்ள சிறு உறுப்பில் இருக்கும். இதைப் படிப்படியாகக் காண்போம். பிறகு, இதே கருவி நம் மலாயா மண்ணில், தோட்டத்து மக்கள் வாழ்வில் எவ்வாறு புகுந்தது என்பதையும் காண்போம்.

முதலில் ஒரு தெளிவு தேவை. கைத்துப்பாக்கி எல்லாம் ரிவால்வர் ஆகாது. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டபோது அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அந்த வகையில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தோட்டா வெடிக்கும் வேகமே அடுத்ததை மேலே கொண்டுவந்துவிடும். அதில் சுழலும் உருளை கிடையாது. ரிவால்வர் வேறு இனம். அதன் குழலுக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கும். அந்த உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் குடையப்பட்டிருக்கும். ஓர் அறைக்கு ஒரு தோட்டா. உருளை ஒவ்வோர் அறையாகச் சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்க, துப்பாக்கியின் குதிரை பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டும். அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்பது நம்மவர் வழக்கில் உள்ள பெயர். பாய்வதால் வந்த பெயர் போலும்.

உருளையை ஆட்டுவிக்கும் உறுப்புகள் மூன்று. உருளையின் பின்புறம் பற்கள் வெட்டிய ஒரு சிறு சக்கரம் உண்டு. குதிரையோடு இணைந்த ஒரு கொக்கி கீழிருந்து மேலேறி அந்தப் பல்லைத் தள்ளும். அதனை நாம் தள்ளுகொக்கி என்று சொல்லுவோம். சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அங்கேயும் பல்லும் கொக்கியும்தான் வேலை செய்கின்றன. மூன்றாவது உறுப்பு, உருளையின் பக்கவாட்டில் வெட்டிய பள்ளத்தில் சரியான நேரத்தில் போய் விழுந்து அதை அசையாமல் பிடிக்கும் நிறுத்தாணி. தள்ளுகொக்கி சுழற்றுகிறது, நிறுத்தாணி நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று காலம் தவறாமல் நடக்க வேண்டும். அறைக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை விலகினாலும், பாயும் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். அதிகம் விலகினால் சுடுபவருக்கே ஆபத்து.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1818-ஆம் ஆண்டில் எலிஷா கோலியர் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் ஒரு சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அது சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் காலத்துக் கருவி. உருளையைத் தானாகச் சுழற்ற ஒரு ஸ்பிரிங் வைத்துப் பார்த்தார்கள். அது அடிக்கடி தகராறு செய்யவே, பின்னர் கையாலேயே திருப்பிக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். ஆயினும் கோலியர் ஒரு நுட்பத்தைக் கண்டிருந்தார். உருளை முன்னோக்கி அழுத்தப்பட்டு, அறையின் வாய் குழலின் அடியோடு பொருந்தி நிற்கும். இடைவெளியில் புகையும் நெருப்பும் கசியக் கூடாது என்ற கவலை அன்றே தொடங்கிவிட்டது. இத்துப்பாக்கிகள் இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர் கைக்கும் வந்தன.

அடுத்து வருபவர் சாமுவேல் கோல்ட். 1814-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர். 1830-ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பையனாக, 'கோர்வோ' என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தாவுக்குப் பயணமானார். அந்தப் பயணத்தில் அவர் மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினார் என்பது வரலாறு. கப்பலின் சுக்கான் சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றாலும், அதன் ஆரம் ஒன்று குறிப்பிட்ட இடத்தில் பிடிக்கப்பட்டு நிற்பதைப் பார்த்துத் தமக்கு எண்ணம் உதித்தது என்பது அவர் பெயரால் வழங்கும் கதை. கல்கத்தாவில் கோலியரின் துப்பாக்கியைக் கண்டிருப்பார் என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும், சுழற்றுவதைவிட நிறுத்துவதே கடினம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1836-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் அவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி இதுதான்: குதிரையைப் பின்னுக்கு இழுக்கும் அதே இழுப்பில் உருளை சுழல வேண்டும், சுழன்ற உருளை நேரே வந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

கோல்ட்டின் முதல் தொழிற்சாலை 1842-இல் மூடப்பட்டது. 1847-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு 1000 துப்பாக்கிகளுக்கு உத்தரவு கொடுக்க, வாக்கர் என்ற படைத் தலைவரின் பெயரால் ஒரு பெரிய ரிவால்வர் உருவாயிற்று. எடை ஏறக்குறைய 2 கிலோ. உருளையின் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 4 கிராம் வெடிமருந்தை ஏற்கும். அந்த ஆயிரத்தில் ஏறக்குறைய 300 துப்பாக்கிகள் உருளை வெடித்துப் பழுதுபார்க்கத் திரும்பி வந்தன! காரணங்களைத் தேடினார்கள். அக்கால உலோகம் போதிய வலுவில்லாதது. மருந்தின் அளவு அதிகம். கூர்முனைக் குண்டைச் சிலர் தலைகீழாக இட்டதால் அதன் பின்னே மருந்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. பரிகாரம் என்ன? அடுத்து வந்த வகையில் உருளையைக் குட்டையாக்கினார்கள். மருந்தின் அளவைக் குறைத்தார்கள். உடைந்ததை ஒட்டுவதோடு நில்லாமல், ஏன் உடைந்தது என்று கேட்டதால் கிடைத்த தீர்வு அது.

அக்கால உருளைக்கு வேறு நோய்களும் இருந்தன. கரிமருந்து எரிந்தால் பிசுபிசுப்பான கசடு மிஞ்சும். அது அச்சில் படிந்து, சில வெடிகளுக்குள் உருளை சுழல மறுக்கும். அதற்காக அச்சிலே பள்ளங்கள் வெட்டி மசகு தேக்கி வைத்தார் கோல்ட். வெடித்த கேப்பின் செப்புத் துண்டு குதிரையின் அடியில் விழுந்து சிக்கிக்கொள்ளும். ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவினால் எல்லாம் ஒருசேர வெடிக்கும். அதைத் தடுக்கக் கேப்புகளுக்கு இடையே சுவர் வைத்தார்கள். அறையின் வாயைக் கொழுப்பால் அடைத்தார்கள்.

1851-ஆம் ஆண்டு லண்டன் பெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கிக்குப் போட்டியாக ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் துப்பாக்கி நின்றது. கோல்ட்டின் துப்பாக்கியில் உருளைக்கு மேலே சட்டம் இல்லை; குழலை ஓர் ஆப்பு பிடித்திருக்கும். ஆப்பு தேய்ந்தால் குழல் தளர்ந்து, உருளைக்கு முன்னுள்ள இடைவெளி மாறிவிடும். ஆடம்ஸோ குழலையும் சட்டத்தையும் ஒரே இரும்பில் அடித்துச் செய்தார். விசையை இழுத்தால் போதும், குதிரையும் உருளையும் தாமே இயங்கும். ஆனால் விசை கனமாக இருந்ததால் குறி பிசகியது. 1856-இல் பியூமாண்ட் என்ற இராணுவப் பொறியியல் அதிகாரி இரண்டு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். 1857-இல் இந்தியப் பெருங்கிளர்ச்சி மூண்டபோது ஆங்கில அதிகாரிகளின் இடுப்பில் இவ்விரு வகைகளும் இருந்தன.

அதே 1851-இல் லண்டனில் பொறியாளர் கழகத்தில் கோல்ட் ஓர் உரை ஆற்றினார். துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பையும் இயந்திரத்தால் ஒரே அளவில் செய்தால், பழுதான உறுப்பை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம் என்பது அவர் நோக்கம். அது அன்று முழுவதும் கைகூடவில்லை. கடைசியில் கொல்லன் அரம் கொண்டு ராவித்தான் பொருத்த வேண்டியிருந்தது. ஆகவேதான் துப்பாக்கியின் எண்ணையே உருளையிலும் பொறித்தார்கள். பழைய துப்பாக்கியைச் சோதிப்பவர் இன்றும் முதலில் பார்ப்பது அந்த எண்களைத்தான். எண் வேறுபட்டால் உருளை மாற்றப்பட்டது என்று பொருள்.

உலோகத் தோட்டா வந்தபின் நிலைமை மாறியது. 1857-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் முன்னும் பின்னும் துளை ஓடிய உருளையோடு ஒரு சிறு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோட்டாவைப் பின்புறமிருந்து இடலாம். பிரிட்டனின் வெப்ளி துப்பாக்கி 1887-இல் இராணுவத்துக்கு வந்தது. அது நடுவில் மடிந்து திறக்கும். திறந்தவுடன் வெற்றுத் தோட்டாக்கள் தாமே வெளியேறும். 1889-இல் கோல்ட்டும் 1896-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் உருளை பக்கவாட்டில் வெளியே வரும் வகையைக் கொண்டுவந்தன. உருளையைத் தாங்கி வெளியே கொணரும் சிறு கையும் பழுதின் இருப்பிடமாயிற்று. திரைப்படத்தில் கதாநாயகன் மணிக்கட்டை உதறி உருளையை 'டக்'கென்று மூடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்தால் அந்தக் கை வளையும். வளைந்தால் உருளை நேரே நில்லாது. மாணவர்கள் ரசிக்கும் அந்தக் காட்சி, ஆயுதம் பழுதுபார்ப்பவருக்கு வயிற்றெரிச்சல்!

உருளைக்கும் குழலுக்கும் இடையே கசியும் வாயுவை அடைக்க, பெல்ஜிய நாட்டு நாகான் ஒரு வழி கண்டார். 1895-இல் ரஷ்யப் படை ஏற்ற அவரது ரிவால்வரில், சுடும் நொடியில் உருளையே முன்னே நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். கோலியருக்கு 1818-இல் இருந்த கவலைக்கு முக்கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த விடை அது. மற்றவர்கள் இடைவெளியை ஒழிக்க முயலாமல், அதை மிகக் குறைவாகவும் மாறாமலும் வைத்துக்கொள்வதோடு நின்றார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சிங்கப்பூர்க் காவல்துறை தனக்கென்று வெப்ளி ரிவால்வர்களில் பாதுகாப்புத் தாழ் ஒன்றைப் பொருத்தி வாங்கியது. ரிவால்வரில் அது அரிது. பிரிட்டிஷ் இராணுவமோ 1932 முதல் என்ஃபீல்டு என்ற சிறிய ரிவால்வரைப் பயன்படுத்தியது. இத்தகைய கருவிகள்தாம் மலாயாவிலும் புழங்கின.

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த இரண்டு நாட்களில் மலாயா முழுவதற்கும் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960-ஆம் ஆண்டு ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர். அவர்கள் கையில் பெரும்பாலும் ரைஃபிள். துரைமார் இடுப்பிலும் காவல் அதிகாரிகள் இடுப்பிலும் ரிவால்வர். காட்டை ஒட்டிய வளைந்த மலைப்பாதையில் சம்பளப் பணத்தோடு போகும் வண்டிக்கு எந்தத் திருப்பத்திலும் ஆபத்து இருந்த காலம் அது. 1951 அக்டோபர் 6-இல் பிரேசர் மலைக்குப் போகும் பாதையில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். தோட்டத்து மக்களோ இரு பக்கத்துக்கும் நடுவில் இருந்தார்கள். காட்டிலிருந்து அரிசி கேட்டு வருவோர் ஒருபுறம். முள்வேலியும் ஊரடங்கும் சோதனையும் மறுபுறம்.

கேமரன் மலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காலையில் பனிமூட்டம், மாலையில் மழை. துவைத்துக் காயப்போட்ட துணி இரண்டு நாளாகியும் ஈரம் போகாது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். தேயிலைக்கு உகந்த இந்தக் காற்று இரும்புக்குப் பகை. ஈரம் ஊறிய தோலுறையில் ரிவால்வரை வைத்திருந்தால் உருளையில் துருப் புள்ளிகள் விழும். தோல் பதனிட்ட சத்து பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பைப் பூக்கச் செய்யும். களிம்பு பூத்த தோட்டா அறைக்குள் முழுதும் இறங்காது. இறங்காத தோட்டாவின் அடி பின்தகட்டில் உரச, உருளை சுழலாது. ஆபத்து வரும் நொடியில் விசை இறுகிக்கொள்ளும்.

பழுது வந்தபோது தேர்ந்த ஆயுதப் பணியாளர் எப்படிச் சோதிப்பார்? அந்த முறையைச் சொல்வதும் வரலாற்றில் அடங்கும். முதல் வேலை, எல்லா அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. அடுத்த வேலை துடைப்பது. பல பழுதுகள் அழுக்கோடு போய்விடும். வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திர வடிவ உறுப்பின் அடியில் எரியாத மருந்துத் துகள் இரண்டு இருந்தால் போதும், உருளை இறுகும். அந்த உறுப்பின் தண்டு திருகு கழன்று நீண்டுவிட்டாலும் உருளை திறக்காது. உருளை சுழலும் திசை திருகைக் கழற்றும் திசையாக இருந்ததே காரணம் என்று கண்டு, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் திருகின் திசையை மாற்றியது. இது தொழிற்சாலையே தன் பழுதைத் திருத்திக்கொண்டதற்கு நல்ல சான்று.

சுத்தம் செய்தும் குறை தீராவிட்டால், குதிரையை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார். குதிரை முழுதும் பின்வாங்குமுன் நிறுத்தாணி பள்ளத்தில் விழும் ஓசை கேட்க வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். எல்லா அறையிலும் உருளை எட்டாமல் பின்தங்கினால் தள்ளுகொக்கி தேய்ந்திருக்கிறது. ஒரே ஓர் அறையில் மட்டும் பின்தங்கினால் அந்த அறைக்குரிய பல்லில் குறை. உருளை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடினால் நிறுத்தாணியோ அதன் ஸ்பிரிங்கோ காரணம். இப்படி ஆறு முறை இழுத்தே நோயின் இடம் தெரிந்துவிடும்.

பிறகு உருளையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். அசைவு மிகுந்தால் தாங்குகை தேய்ந்துள்ளது. மெல்லிய வளையத் தகடு இட்டு அதைச் சரிசெய்வார்கள். கடைசியாக, குழலுக்கும் உருளைக்கும் இடையே தகட்டளவி நுழைத்துப் பார்ப்பார். ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், அதாவது நாம் எழுதும் தாளைவிடச் சற்றே கூடுதல் கனம், நல்ல இடைவெளி. அதற்கு மிகக் குறைந்தால் சூடேறி உரசும். மிக அதிகமானால் நெருப்பு பக்கவாட்டில் வீசும். இத்தனையிலும் நல்ல பணியாளர் செய்யாத ஒன்று உண்டு. உருளையின் பள்ளத்தை அரத்தால் ராவ மாட்டார். தேய்ந்த கொக்கியை மாற்றலாம்; தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றலாம்; உருளையில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. விலை மலிந்த சிறு உறுப்பை முதலில் சந்தேகி. விலை உயர்ந்த பெரிய உறுப்பைக் கடைசியில் தொடு என்பது அத்தொழிலின் நெறி. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டு இயந்திரத்தைப் பழுதுபார்ப்போரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும்; பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கியின் ஓர் உறுப்பும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. பழைய வீட்டுப் பரணில் துருப்பிடித்த ஒன்று அகப்பட்டால், அதைத் தொட்டுத் திருகிப் பார்க்காமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை.

இந்த எச்சரிக்கையின் கனத்தை நம் வரலாறே காட்டும். அவசர காலச் சட்டப்படி அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. தஞ்சைப் பகுதியில் பிறந்து சிறுவயதில் இங்கு வந்தவர் எஸ். ஏ. கணபதி. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949-ஆம் ஆண்டு மார்ச்சில் ரவாங் அருகே அவர் கைதானார். அவர்மீது சுமத்திய குற்றம், ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. கண்டெடுத்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் கூறினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய அரசு முறையிட்டும் பயனில்லாமல், 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் மரணத்துக்கும் இடையே ஏறக்குறைய இரண்டே மாதங்கள்.

அதே காலத்தில் சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழர்மேலும் வழக்கு வந்தது. துப்பாக்கி ஏந்தினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. 10 தோட்டாக்கள் வைத்திருந்தார் என்பது இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டு மறு விசாரணைக்குப் போய், மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மறு விசாரணையில் அரசுத் தரப்பு காட்டிய வாக்குமூலம் இரண்டு குற்றங்களையும் சேர்த்துப் பேசியது. தோட்டாக் குற்றச்சாட்டில் அவர் விடுதலையானவர் என்பது தீர்ப்பில் துணைசெய்யும் மதிப்பீட்டாளர்களிடம் எடுத்துச் சொல்லப்படவில்லை. ஒருவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்துவிட்டால், அதைப் பின்னர் எந்த வழியிலும் கேள்விக்கு உள்ளாக்கக் கூடாது என்று கூறி, 1950-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்துச் செய்தது. லார்டு மெக்டர்மாட் வழங்கிய அத்தீர்ப்பை உலகின் பல நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிவருகின்றன. தமிழர் ஒருவர் பெயர் சட்ட நூல்களில் இப்படி நிலைத்தது.

இரு வழக்குகளையும் ஒரு தராசில் வைத்து எவர் சரி எவர் தவறு என்று தீர்ப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ஒருவர் வழக்கில் நடைமுறையின் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடிக்க அவகாசம் இருந்தது. மற்றவர் வழக்கில் அந்த அவகாசமே இருக்கவில்லை. ஆயுதப் பணியாளர் ஆறு அறையையும் மெதுவாக இழுத்துப் பார்த்துத்தான் பழுது எங்கே என்று சொல்கிறார். ஓர் இரும்புக் கருவிக்கு அந்தப் பொறுமை வேண்டுமென்றால், மனித உயிருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவனின் பொம்மைத் துப்பாக்கிக்கு வருவோம். கொக்கியின் நுனியில் சிறு தகரத் துண்டு ஒன்றை மடித்து ஒட்டினோம். உருளை மறுபடி சுழன்றது. "அப்போ உருளை நல்லாத்தான் இருந்துச்சா ஐயா?" என்று கேட்டான். "ஆமாம், நீ பார்க்காமலே அதைக் குற்றம் சொல்லிவிட்டாய்" என்றோம். சற்று நேரம் யோசித்தவன், அடுத்த முறை முதலில் திறந்து பார்ப்பதாகச் சொன்னான். மிதிவண்டியானாலும் உருட்டு இயந்திரமானாலும், ஒரு மனிதரைப் பற்றிய சொல்லானாலும், முதலில் திறந்து பார்க்கும் அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் போதும். 1818-இல் தொடங்கி இன்றுவரை நீளும் இந்தச் சிறு உருளையின் கதையிலிருந்து நாம் கற்கத்தக்கது அதுவே.